கல்யாண பிஸ்கட்: சுட்டு உறைய வைப்பதா, மாவாகவே வைப்பதா?

500 பேருக்குப் பத்திரிகை வைத்து, மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்கு 3 பிஸ்கட் என்று பேசி முடித்தால் மொத்தம் 1,500 பிஸ்கட் வேண்டும். வீட்டு ஓவன் தட்டில் 30 பிடிக்கும். ஒரு தட்டு வேக 15 நிமிடம். ஆக 50 தட்டு, பன்னிரண்டரை மணி நேரம். மாவு பிசைந்து உருட்டும் நேரம் இதில் சேரவில்லை. இந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தை எந்த வாரத்தில் வைத்துக்கொள்வது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது. ருசியெல்லாம் அப்புறம்தான்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இதற்கு மூன்று கட்சி உண்டு. சுட்டு ஃபிரீசரில் வைப்பவர்கள், மாவை உருட்டி ஃபிரீசரில் வைத்துக் கடைசி வாரம் சுடுபவர்கள், தீபாவளிக்குச் செய்வதுபோலச் சுட்டுச் சிவப்பு மூடி டப்பாவில் அடைத்து அலமாரியில் ஏற்றிவிடுபவர்கள். ஈப்போவில் ஆர்டர் கொடுத்துவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். காசு இருந்து, பாட்டியும் முகம் சுளிக்காவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ருசியை மட்டும் பார்த்தால் மாவுக் கட்சிதான் முன்னே நிற்கும். அன்றைக்குச் சுட்ட வாசம் வேறு எதிலும் வராது. உருண்டைகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி, கல்லாக இறுகியதும் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால், இரண்டு மாதம் தாங்கும். சுடும்போது இளக விட வேண்டியதில்லை. அப்படியே ஓவனுக்குள் தள்ளி ஒன்றிரண்டு நிமிடம் கூட விட்டால் போதும். நம் ஊர் மத்தியான வெக்கையில் பட்டர் மாவு கையிலேயே உருகும். உறைந்த மாவு அவ்வளவு பரவாமல் உருவத்தோடு வரும். அச்சில் பிழியும் செம்பெரிட் பிஸ்கட்டை மட்டும் பூவாகப் பிழிந்த பிறகே உறைய வைக்க வேண்டும், உறைந்து கிடந்ததை யாராலும் பிழிய முடியாது. இடமும் அடைக்காது: ஒன்று 10 கிராம் என்றால் 1,500 உருண்டையும் 15 கிலோதான்.

ஆனால் அந்தப் பன்னிரண்டரை மணி நேரம் கல்யாண வாரத்தில் வந்து விழுகிறது. நலங்குக்கு ஆட்கள் வந்துபோக, வெளியூர்ச் சொந்தங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்க, அடுப்படியைப் பெரியம்மாமார் பிடித்துவைத்திருக்கும் நேரத்தில் ஓவன் முன்னால் யார் நிற்பது? பெண்ணின் அம்மாவை நிறுத்துவது பாவம். இன்னொன்று, முட்டை சேர்த்த மாவை உறைய வைத்தாலும் அதிலுள்ள கிருமி சாவதில்லை. குழந்தைகள் உருண்டையை எடுத்து வாயில் போடாமல் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

சுட்டு வைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே நாலு சனிக்கிழமையில் வேலை முடிந்துவிடும். அவர்களுக்கு இடம்தான் பிரச்சினை. டப்பாவுக்கு 50 என்றாலும் 30 டப்பா. வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் அதில் பாதிகூட நுழையாது. பிறகு யாரிடமாவது பெரிய ஃபிரீசர் இரவல் கேட்க வேண்டும். நம் ஊரில் இரவல் கிடைக்கும் ஃபிரீசரில் நேற்றுவரை என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மீனும் பெலாச்சானும் (இறால் விழுது) கிடந்த பெட்டியின் வாடையைப் பட்டர் பஞ்சுபோல் இழுத்துக்கொள்ளும். கழுவி, இரண்டு நாள் திறந்துபோட்டு, டப்பாவையும் ஒரு பையில் கட்டி வைப்பது நல்லது. மழையோடு கரண்டு போனால் பயப்பட வேண்டாம், மூடியைத் திறக்காவிட்டால் நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள்வரை குளிர் காக்கும்.

வெளியே எடுக்கும்போதுதான் நிறைய பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால், நம் காற்றில் இருக்கும் ஈரம் நேராக பிஸ்கட்மேல் வேர்த்து நிற்கும். மூடியபடியே விட்டு, டப்பாவின் வெளிப்புறம் காய்ந்த பிறகு திறக்க வேண்டும். அப்படியும் சற்று நமுத்திருந்தால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். பாதாமைப் பொதிந்து சுட்டுச் சாக்லெட் ஊற்றிய அல்மண்ட் லண்டன் பிஸ்கட்டுக்கு ஃபிரீசர் ஒத்துவராது, ஈரம் பட்டால் மேலே வெள்ளை பூத்துவிடும். அதை உறைய வைப்பதானால் சாக்லெட் ஊற்றுவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். கோர்ன்ஃபிளேக்ஸ் பிஸ்கட்டை ஃபிரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அன்னாசி டார்ட்டில் ஜாமின் ஈரம் மேல்மாவுக்கு ஏறும் என்பதால், ஜாமை உருட்டித் தனியாக உறைய வைத்து, கடைசி வாரம் மாவில் பொதிந்து சுடுவதே என் கட்சி.

டப்பாக்காரர்களை மற்ற இரண்டு தரப்பும் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. நெய் பிஸ்கட் விஷயத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி. நெய், ஐசிங் சீனி, கோதுமை மாவு, அவ்வளவுதான். முட்டையும் இல்லை, தண்ணீரும் இல்லை. நன்றாக ஆறவிட்டு இறுக மூடினால் இரண்டு வாரத்துக்கு ஒன்றும் ஆகாது. இதற்குப் போய் ஃபிரீசரைத் தேடுவது வீண் வேலை. கோயில் மண்டபத்தில் சைவக் கல்யாணம் என்றால் பொட்டலத்தில் வைக்கக் கூச்சமில்லாததும் இதுவே.

என்னைக் கேட்டால் 1,500ஐயும் ஒரே வழியில் செய்ய வேண்டியதில்லை. பொட்டலத்தில் இரண்டு நெய் பிஸ்கட்: பத்து நாளுக்கு முன் சுட்டு டப்பாவில். மூன்றாவது கச்சான் (நிலக்கடலை) பிஸ்கட்: கடலை எண்ணெய் வெக்கையில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் ஒரு மாதம் முன்பே சுட்டு ஃபிரீசரில். 500 மட்டும் என்றால் 10 டப்பா. இரண்டு வீட்டு ஐஸ்பெட்டியில் பங்கு போட்டுவிடலாம். இதற்குமேல் 60 உருண்டை மாவாகவே இருக்கட்டும். நலங்கன்று சாயந்திரம் சம்பந்தி வீட்டார் தேநீர் குடிக்கும் நேரத்தில் இரண்டே தட்டு சுட்டுச் சூடாக வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் ஃபிரீசர் டப்பாக்களை வெள்ளி இரவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், மூடியைத் திறக்காமல். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் பொட்டலம் கட்டி முடித்துவிடலாம்.