தெப்பக்குளத்தின் நான்கு மூலைகளும் இரண்டு ஜோடி ஷூக்களும்

வாங்கிய அன்றே இரண்டு ஜோடியையும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் எட்டாம் எண் அளவு. சோலுக்குள் கார்பன் பிளேட், அதாவது விறைப்பான கார்பன் தகடு, வைத்த பந்தய ஷூவில் ஒரு கால் 188 கிராம். பிளேட் இல்லாத, தினசரி வேக ஓட்டத்துக்கான ஷூவில் ஒரு கால் 232 கிராம். கையில் ஏந்தினாலே வித்தியாசம் தெரிந்தது. இனி 188 கிராம்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தை முதல் ஐப்பசி வரை பத்து மாதம் இரண்டையும் மாறி மாறிப் போட்டு ஓடியதில் அந்த முடிவு மாறிவிட்டது. மாடல்கள் அடிக்கடி மாறுவதால் பெயர்களை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் சொல்கிறேன்.

என் வயது 43, எடை 71 கிலோ. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தை ஒட்டி ஓடுகிறேன். இதைச் சொல்லாமல் ஷூவைப் பற்றிச் சொல்வதில் பயனில்லை.

முதலில் எடைக் கணக்கு. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் ஆற்றல் சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது என்பதை ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். என் இரண்டு ஜோடிக்கும் நடுவே இருப்பது 44 கிராம், அதாவது அரைச் சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு மணி நேர ஓட்டத்தில் அது அரை நிமிடம். இந்த அரை நிமிடத்துக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு அதைக் காட்டியது மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கு பக்கமும் நேர்கோடு, நான்கு மூலையும் செங்குத்துத் திருப்பம். எட்டுச் சுற்று ஓடினால் 32 திருப்பங்கள். நேரான பக்கங்களில் பந்தய ஷூ தரும் உந்துதல் அருமையானது; கால் தானாக முன்னே உருள்கிறது. மூலை வந்ததும் கதை மாறுகிறது. சாலைப் பந்தய ஷூவின் சோல் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-இல் விதி செய்தது. என் ஷூ அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மென்மையான ஃபோமின் மேல் வலப்பக்கம் திரும்பும்போது இடது கணுக்கால் உள்பக்கமாகச் சாய்கிறது. ஒருமுறை சாய்ந்தால் ஒன்றுமில்லை. ஒரே காலையில் 32 முறை சாய்ந்தால், மாலையில் மாடிப்படி இறங்கும்போது வலி தெரிகிறது. 232 கிராம் ஷூவின் சோல் சற்றே தாழ்ந்தது, அடிப்பரப்பு அகலம். அதில் ஓடிய நாட்களில் இந்த வலி ஒருமுறைகூட வரவில்லை.

இரண்டாவது, முள். தெப்பக்குளம் போரடித்தால் கண்மாய்க் கரைப் பக்கம் போவேன். அங்கே சீமைக் கருவேல முள் இல்லாத இடமில்லை. பந்தய ஷூவில் எடையைக் குறைப்பதற்காக அடி ரப்பரை முன்பக்கம் ஒரு துண்டு, குதிகாலில் இரண்டு துண்டு என்று வைத்துவிட்டு மீதியைத் திறந்த ஃபோமாகவே விட்டிருக்கிறார்கள். முள் அதில் ஆணிபோல இறங்கியது. ஊக்கால் தோண்டி எடுத்தபோது ஃபோம் பிய்ந்து வந்தது. நடுப்பள்ளத்தில் ஜல்லிக்கல் சிக்கி, ஓடும் வழியெல்லாம் கடகடத்தது. எங்களோடு ஓடும் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், “தம்பி, ஷூவை வாங்கும்போது மேலே பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள்” என்பார். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பந்தய ஷூவுக்கு நியாயமும் செய்ய வேண்டும். மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர், ஏறத்தாழ அரை மாரத்தான். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருமுறை, விடியற்காலையில் கிளம்பி அந்தத் தூரத்தை ஓடினேன். பந்தய ஷூவில் ஒரு நிமிடம் இருபது வினாடி முந்தினேன். எடை மட்டும் தரக்கூடியதைவிட இது அதிகம். ஃபோமின் துள்ளல் அதில் இருக்கிறது. ஆனால் வழியில் உள்ள அப்பன் திருப்பதியைத் தாண்டியதும் களைப்பில் என் நடை குலைந்தது. அங்கே அந்த மென்மை துணைக்கு வரவில்லை. கெண்டைக்கால் இரண்டு நாள் இறுகிக் கிடந்தது. 2019-இல் வியன்னாவில் கென்ய மாரத்தான் வீரர் கிப்சோகே 1:59:40-இல் மாரத்தான் தூரத்தைக் கடந்தது இந்த வகை ஷூவில்தான். அவருடைய வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 வினாடி. மெதுவாக ஓடுவோருக்கு இதன் பலன் குறைகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன.

சித்திரை வெயிலிலும் பந்தய ஷூவின் ஃபோம் குணம் மாறவில்லை. மற்றதில் இருப்பது ஈ.வி.ஏ. என்ற வழக்கமான ஃபோம் வகை, சூட்டில் இளகும். காலை எட்டு மணிக்கு மேல் அந்தத் தொய்வு காலுக்குத் தெரிந்தது. மழையில் இரண்டும் நனைந்தன. செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வைத்தால் மறுநாள் காய்ந்துவிடும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், பசை விடும்.

விலை: பந்தய ஷூ 16,000 ரூபாய். 410 கிலோமீட்டரில் குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்து சரிந்துவிட்டது. கிலோமீட்டருக்கு 39 ரூபாய். மற்றது 9,500 ரூபாய். 780 கிலோமீட்டர் ஓடியும் ரப்பரில் கோடுகள் தெரிகின்றன. கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இன்னும் குறையும்.

வாங்கப் போகிறவர்கள் மாலையில் போங்கள். நம் ஊர்ச் சூட்டில் பாதம் வீங்கும். காலையில் சரியாக இருந்த அளவு பத்தாவது கிலோமீட்டரில் பெருவிரல் நகத்தைக் கறுக்க வைக்கும். நான் இப்போது எட்டரைக்கு மாறிவிட்டேன். கடைக்குள் நேராக நடந்து பார்ப்பது போதாது. ஒற்றைக் காலில் நில்லுங்கள், சட்டென்று திரும்புங்கள். கணுக்கால் ஆடினால் எடையைப் பார்க்காமல் கழற்றி வைத்துவிடுங்கள்.

232 கிராம் வகையிலேயே அடுத்த ஜோடியை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பழைய பந்தய ஷூ புதன்கிழமை மட்டும் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வருகிறது. அங்கே முள்ளும் இல்லை, மூலையும் இல்லை. 400 மீட்டர் வேக ஓட்டத்துக்கு இன்னும் அதுதான் என் முதல் தேர்வு.