வேட்டி, பனியன் துணி, டர்க்கி டவல்: குழந்தையைத் துடைக்கும் துணிகள், ஐந்து மாத அனுபவம்

என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். மூன்றாவது மாதத்தில் தொடை இடுக்கெல்லாம் சிவந்துபோய், துடைக்கக் கை வைத்தாலே வீறிட்டு அழுதாள். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு அந்த வைப்ஸ் பாக்கெட்டை நிறுத்துங்க. வெறும் தண்ணியும் பருத்தித் துணியும் போதும்" என்றார். டயபர் மாற்றும்போது துடைத்துப் போடும் ஈரத் தாள்தான் இந்த வைப்ஸ். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, 72 இருக்கும் பாக்கெட் ஆறே நாளில் காலி என்று ஓடிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. சரி, துணியில் நாமே செய்துகொள்வோம் என்று இறங்கினேன். இருப்பது ஈரோட்டில். துணிக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. ஐந்து வகையைப் பார்த்தாயிற்று.

முதலில் கனி ஜவுளி மார்க்கெட்டில் புது மஸ்லின் இரண்டு மீட்டர் வாங்கினேன். கையில் பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு துண்டு வெட்டி, தண்ணீரில் முக்கித் துடைத்தால், ஈரம் துணிக்குள் போகாமல் குழந்தையின் மேலேயே வழிகிறது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். "பிள்ளைக்குப் புதுத்துணி எதுக்கு கண்ணு? நல்லா நைஞ்சுபோன துணியா எடு" என்று பீரோவின் அடித்தட்டிலிருந்து மாமனாரின் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துப் போட்டார்.

இரண்டையும் மேஜையில் விரித்து, ஸ்பூனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். புதுத் துணியின் மேல் சொட்டு முத்துபோல உட்கார்ந்தே இருந்தது. வேட்டியில் விட்ட சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. காரணம் தெரியாத விஷயமில்லை; எங்கள் பக்கம் சைசிங் மில்லுக்குப் பஞ்சமா என்ன? தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்கு, அதாவது நெடுக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுகிறார்கள். போதாததற்குப் பருத்திக்கென்று இயற்கையிலேயே ஒரு மெழுகு உண்டு. சரியாக அலசிப் பதப்படுத்தாத துணியில் இரண்டும் மிச்சமிருக்கும். துவைக்கத் துவைக்கத்தான் போகும். என் மஸ்லின் ஐந்து முறை சுடுதண்ணீரில் துவைத்த பிறகுதான் வழிக்கு வந்தது, அதற்குள் நீளத்தில் ஒரு சாண் சுருங்கியும்விட்டது. வேட்டி அந்த வேலையை எல்லாம் பல வருஷம் முன்பே முடித்துவிட்டு வந்திருந்தது.

உட்காரும் இடம் நைந்து வெளிச்சம் தெரிந்தது. அதை ஒதுக்கி, கரையையும் வெட்டி எறிந்துவிட்டேன். ஜரிகை இழை மெல்லியதுதான், ஆனால் குழந்தைத் தோலில் கீறும். மிச்சத்தில் 20 சென்டிமீட்டர் சதுரமாக 80 துண்டு தேறியது. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 40 துணி. ஒற்றையாக விட்டால் ஈரத்தில் சுருண்டு, விரல் மறுபக்கம் வந்துவிடுகிறது.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். தெருவில் ஒரு தையல் கடையில் கொடுத்து எல்லாவற்றுக்கும் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்து வாங்கினேன். ஒன்றுக்கு இரண்டு ரூபாய். பார்க்கக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. இரண்டாம் நாள் மகளின் தொடையில் மெல்லிய சிவப்புக் கோடு. விரலை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால், பாலியெஸ்டர் நூல் நெருக்கமாக ஓடி, மூலையில் முடிச்சு மட்டும் தூண்டில் நரம்பு மாதிரி குத்தியது. தையல்காரர் மேல் குற்றமில்லை, நான்தான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பிரித்து, தலையணை உறை தைப்பதுபோல இரண்டு துண்டையும் உள்வெளியாக வைத்து, பருத்தி நூலில் மூன்று பக்கமும் தைத்து, திருப்பிப் போட்டு, நாலாவது பக்கத்தைக் கையால் மூடினேன். தையல் உள்ளே போய்விட்டது. மூன்று மாதம் தினமும் துவைத்தும் இரண்டுதான் கிழிந்திருக்கின்றன.

தைக்கத் தெரியாதவர்களுக்கு, தைக்க நேரமில்லாதவர்களுக்கும், பனியன் துணி. திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. என் தோழி மூலம் ஒரு கிலோ வரவழைத்தேன். பின்னல் துணி என்பதால் ஓரம் பிரியாது, கத்தரியால் வெட்டி அப்படியே பயன்படுத்தலாம். கேட்கும்போது 'இன்டர்லாக்' (இரட்டைப் பின்னல்) என்று கேளுங்கள். ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சி வாங்கினால் வெட்டிய ஓரம் அப்பளம் பொரிவதுபோலச் சுருண்டுகொள்ளும். வேஸ்ட்டில் பாலியெஸ்டர் கலப்பும் வரும். ஒரு நூலைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். எனக்கு வந்த மூட்டையில் கால்வாசி உருண்டைக் கட்சி. அதெல்லாம் ஸ்கூட்டர் துடைக்கப் போய்விட்டது. மிச்சமான பருத்திப் பனியன் துணி துடைப்பதில் வேட்டியை விட ஒரு மார்க் குறைவு, ஈரமானால் இழுபடுகிறது. ஆனால் முகத்துக்கும் வாய்க்கும் இதைவிட மென்மையாக எதுவும் இல்லை.

ஃபிளானல், கெட்டியாக மலம் போக ஆரம்பித்த பிறகு நன்றாக உதவுகிறது. துணியின் மேலுள்ள மெல்லிய ரோமம் அழுக்கைப் பிடித்து இழுத்துவிடும், ஒரே துணியில் வேலை முடியும். ஐப்பசி மழையில் காய இரண்டு நாள் எடுக்கிறது, அவ்வளவுதான் குறை. டர்க்கி டவலை மறந்துவிடுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் காய்ந்ததும் அந்தச் சின்னச் சின்ன வளையமெல்லாம் விறைத்துத் தேங்காய் நார் ஆகிவிடுகிறது.

துணியை விட நான் அதிகம் சொதப்பியது தண்ணீரில். எங்கே பார்த்தாலும் ஒரே செய்முறை: தண்ணீர், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் பேபி வாஷ், நாலு சொட்டு வாசனை எண்ணெய். துணிகளை அதில் ஊறவைத்து டப்பாவில் அடுக்கினால் கடை வைப்ஸ் மாதிரியே ஒவ்வொன்றாக எடுக்கலாமாம். வாசனை எண்ணெயை விட்டுவிட்டு மற்றதைச் செய்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் நனைந்த சாக்கு நாற்றம். அடியிலிருந்த துணியில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. ஆறு துணி போயிற்று.

பாக்கெட் வைப்ஸ் ஈரமாகவே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்றால், அதில் பதப்படுத்தும் பொருள் இருக்கிறது. அப்படி ஒன்றான மெத்தில்ஐசோதயசோலினோனைத்தான் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013-ல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. தோலில் பூசிக் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதைப் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் நிறுத்தியும்விட்டது. அதெல்லாம் வேண்டாம் என்றுதானே வீட்டில் செய்கிறோம்? அப்படியானால் ஈரமாக அடுக்கிவைக்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். இப்போது துணி காய்ந்தபடி கூடையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாஸ்க், காலையில் கொதிக்கவைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக. வேண்டும்போது கிண்ணத்தில் ஊற்றி நனைத்துக்கொள்வேன், ராத்திரி மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். டயபர் மாற்ற அரை நிமிஷம் கூடுதலாகிறது.

சோப்புக் கலவையால் துடைத்தால் மேலே தங்கும் சோப்பை யார் கழுவுவது? எண்ணெயும் துணியில் ஏறி, இரண்டு வாரத்தில் சிக்கு வாடை, கூடவே தண்ணீரை உறிஞ்சாத அதே புதுத்துணிக் குணம். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டுமென்றால் துடைத்து உலர்ந்த பிறகு விரலில் தொட்டுத் தடவுகிறேன்.

துவைப்பது பற்றிச் சுருக்கமாக: மலத்தைக் கழிவறையில் உதறி, குழாயில் பிடித்து அலசி, மூடி போட்ட வாளியில் போடுகிறேன். மறுநாள் காலை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து இரண்டு முறை அலசுகிறேன். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம், அது இழையின் மேல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தின் மஞ்சள் கறைக்கு நல்ல வெயில் போதும். ஈரத்தோடு கொடியில் போட்டால் மதியத்துக்குள் வெளிறிவிடுகிறது.

வெளியூருக்கு இது சரிப்படாது. கோபியில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் எடுத்துப்போய், அழுக்குத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பியது போதும். பயணத்துக்கு இன்னும் பாக்கெட்தான், வாசனை சேர்க்காததாகப் பார்த்து. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் துவைக்க ஆள் இல்லையென்றால் ராத்திரிக்கு மட்டும் துணி வைத்துக்கொண்டாலும் பாதி பாக்கெட் மிச்சம். எனக்கு மாதம் ஐந்து பாக்கெட் போன இடத்தில் இப்போது ஒன்று.

மார்க் போடச் சொன்னால் பத்துக்கு: வேட்டி 9, இன்டர்லாக் பனியன் 8, ஃபிளானல் 7, ஐந்து முறை துவைத்த மஸ்லின் 6, டர்க்கி டவல் 2. பனியன் துணியில் இன்னும் ஒரு குவியல் மிச்சமிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தை மாதம் பிரசவம். அதற்குத்தான் வெட்டித் துவைத்துக்கொண்டிருக்கிறேன், இது மூன்றாம் துவைப்பு.