தோட்ட ஆபீஸ் கோப்புகளுக்கு சம்பாவா, என்எஃப்எஸ்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் ஓர் ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிராணிமார் (எழுத்தர்கள்) மேசைகளில் ஐந்தாறு விண்டோஸ் கணினிகள், லாரி எடைமேடையில் ஒன்று, ஸ்கேன் செய்யும் பழைய ஃபோட்டோஸ்டாட் மெஷின், கேமரா பதிவுப் பெட்டி, மூலையில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் சர்வர். சம்பளப் பட்டியலும் செம்பனைக் குலை எடைச் சிட்டுகளும் அந்த சர்வரில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சர்வரிலுள்ள கோப்புகளை மற்றக் கணினிகளுக்குத் திறந்துவிட இரண்டு வழி: விண்டோஸோடு பேசும் சம்பா, லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகள் பழகிய என்எஃப்எஸ். எதைப் போடலாம் என்று கேட்டால் பலரும் முதலில் வேகத்தைத்தான் பேசுவார்கள். வீண் பேச்சு. 100 மெகாபிட் சுவிட்ச் என்றால் எதைப் போட்டாலும் விநாடிக்குப் பதினோரு மெகாபைட் சுமார்தான். கிகாபிட் சுவிட்ச் என்றால் இரண்டுமே 110ஐ ஒட்டி வரும். பார்க்க வேண்டியது சர்வர் யாரை நம்புகிறது என்பதை. என்எஃப்எஸ் கணினியை நம்பும். சம்பா ஆளை நம்பும்.

என்எஃப்எஸ் 1984ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. வழக்கமான அமைப்பில் அது கடவுச்சொல் கேட்காது. எதிர்முனைக் கணினி ‘நான் பயனர் எண் 1000’ என்று சொன்னால் சர்வர் அப்படியே ஏற்றுக்கொள்ளும். சர்வரில் 1000 பெரிய கிராணி, இன்னொரு லினக்ஸ் கணினியில் 1000 ஸ்டோர் பையன் என்றால், சம்பளக் கோப்பு பையன் கையில். ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர், எண் 0) நுழைவதைத் தடுக்கும் ரூட் ஸ்குவாஷ் போட்டிருக்கிறோமே என்று நிம்மதி வேண்டாம். அது எண் 0ஐ மட்டும்தான் தடுக்கும். சொந்த மடிக்கணினியில் ரூட் அதிகாரம் உள்ளவன் நொடியில் 1000 ஆகிவிடுவான். கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறையைச் சேர்த்தால் என்எஃப்எஸ்ஸும் ஆளைச் சோதிக்கும்தான், ஆனால் ஆறு கணினிக்கு அது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை. போதாததற்கு விண்டோஸ் ஹோம் பதிப்பில் என்எஃப்எஸ் கிளையன்டே (சர்வரோடு இணையும் நிரல்) கிடையாது.

என்எஃப்எஸ்ஸில் யாருக்கு எந்த அடைவு என்று எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு இடைவெளி செய்யும் கூத்தையும் சொல்லியாக வேண்டும். 192.168.10.0/24 என்ற ஆபீஸ் கணினிகளின் முகவரியை ஒட்டியே, அனுமதிகளை எழுதும் அடைப்புக்குறி தொடங்க வேண்டும். நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்தால் உங்கள் ஆபீஸ் கணினிகளுக்கு வாசிக்க மட்டும் அனுமதி. அடைப்புக்குறிக்குள் கொடுத்த எழுதும் அனுமதி மற்ற எல்லாருக்கும்! ‘எழுத முடியவில்லை’ என்று புகார் வந்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘வி’ விருப்பத்தோடு ஓட்டினால் யாருக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று காட்டிவிடும்.

சம்பாவில் ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. சர்வரில் நுழையும் யூனிக்ஸ் கடவுச்சொல் இங்கே செல்லாது. எஸ்எம்பிபாஸ்வேர்ட் (smbpasswd) கட்டளையில் ‘ஏ’ விருப்பம் போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். புதியவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். சம்பள அடைவுக்கு ஃபோர்ஸ் குரூப் (எல்லாக் கோப்பும் ஒரே குழுவின் பெயரில்), கோப்பு மாஸ்க் (புதுக் கோப்பின் அனுமதி) 0660, அடைவு மாஸ்க் 2770 என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கிராணி சேமித்ததை அடுத்தவர் திருத்த முடியாது. ரீசைக்கிள் என்ற சம்பாவின் துணை நிரலையும் (விஎஃப்எஸ் மாட்யூல்) போட்டுவிடுங்கள். பகிர்வு வழியாக அழித்த கோப்பு சர்வரிலேயே ஒரு மறைவு அடைவுக்குப் போய்விடும். என்எஃப்எஸ்ஸில் அழிந்தால் அழிந்ததுதான். சாதாரண ஆபீசுக்கு இந்த ஒன்றே சம்பாவுக்குப் போதுமான சிபாரிசு.

சம்பாவிலும் சங்கடம் உண்டு. எடைமேடைக் கணினியில் காலை ஷிஃப்ட் ஆளின் இணைப்பு திறந்திருக்க, மாலை ஆள் தன் பெயரில் நுழையப் பார்த்தால் விண்டோஸ் பிழை 1219 காட்டும். ஒரே உள்நுழைவிலிருந்து ஒரு சர்வருக்கு இரண்டு பெயரில் போக விடாது. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைப்பதுதான் சரியான தீர்வு. கடவுச்சொல்லே வேண்டாம் என்று கெஸ்ட் (விருந்தாளி) பகிர்வு வைத்தாலோ, புது விண்டோஸ் 11 கணினிகள் பெரும்பாலும் நுழைய மறுக்கும்.

ஃபோட்டோஸ்டாட் மெஷின்தான் பெரிய தலைவலி. பழைய மாடல்கள், விண்டோஸும் சம்பாவும் பேசும் எஸ்எம்பி மொழியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டும் பேசும். சம்பா 4.11லிருந்து அது இயல்பாகவே அடைக்கப்பட்டுவிட்டது. சர்வர் ஏற்கும் குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்லும் ‘சர்வர் மின் புரோட்டோகால்’ வரியை இறக்கினால் ஸ்கேன் வந்துவிடும், ஆனால் அந்த அமைப்பு குளோபல், அதாவது சர்வர் முழுவதற்கும். ஒரு அடைவுக்கு மட்டும் திறக்க வழியில்லை. 2017 மேயில் வான்னாக்ரை என்ற கெடுநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். மெஷினை எஃப்டிபி என்ற வேறு கோப்பு அனுப்பும் முறைக்கு மாற்றுங்கள், அல்லது தம்ப் டிரைவ் செருகுங்கள்.

சாயங்கால இடிக்கு சர்வரின் மின்சாரம் போனால் இரண்டும் இரண்டு விதம். சம்பாவில் எக்செல் தொடர்பு அறுந்து சேமிக்காத வரிகள் போகும். என்எஃப்எஸ் ஹார்ட் மவுன்டில் (சர்வர் வரும்வரை காத்திருக்கும் இணைப்பு) நிரல் அப்படியே உறைந்து நின்று, சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் வட்டில் எழுதும் முன்பே பதில் சொல்லும் ‘அசிங்க்’ போட்டிருந்தால், எழுதியாயிற்று என்று சர்வர் சொன்னது வட்டில் இல்லாமலே போகலாம். எழுதிய பிறகே பதில் சொல்லும் ‘சிங்க்’ வையுங்கள், யூபிஎஸ்ஸும் (மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வையுங்கள்.

ஆகவே ஆட்கள் தொடும் எல்லாவற்றுக்கும் சம்பா. கேமரா பெட்டிக்கும் இரவு பேக்கப் லினக்ஸ் கணினிக்கும் என்எஃப்எஸ், அதுவும் தனித் தனி ஐபி கொடுத்து. பதிவுப் பெட்டி என்எஃப்எஸ் 3ஆம் பதிப்பு மட்டும் பேசினால் ஃபயர்வாலில் 2049ஆம் போர்ட் (கதவெண்) போதாது; 111ஐயும் மவுன்ட்டி என்ற துணை நிரலின் போர்ட்டையும் திறக்க வேண்டும். ஒரே அடைவை இரண்டு வழியிலும் எழுத விடாதீர்கள். பூட்டுகள் ஒத்துப்போகாமல் கோப்பு கெடும். பேக்கப்புக்கு வாசிக்க மட்டும் கொடுத்தால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் தமிழ்க் கோப்புப் பெயரில் ஒரு எல்லை இருக்கிறது. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வடிவ வட்டில் பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கணக்கு’ என்ற சொல்லே 18 பைட். விண்டோஸ் டெஸ்க்டாப்பில் சேமிக்க முடிந்த நீண்ட சுற்றறிக்கைப் பெயர் சர்வருக்கு ஏற மறுத்தால், அனுமதியைக் குடையாமல் பெயரைச் சுருக்குங்கள்.