ஒரு கிலோ கட் பீஸ் மூட்டையில் ஐந்து நோட்டு உறை

ஈரோட்டில் ஒரு கடையில் ஒரு கிலோ கட் பீஸ் மூட்டை வாங்கி வந்தேன், டைரிக்கும் நோட்டுக்கும் பஞ்சு வைத்து ஒட்டுத்துணி உறை தைக்கத்தான். பாதிக்கு மேல் நல்ல பருத்தி, அதிலும் ஒரு சுங்குடித் துண்டு (கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் துணி), முடிச்சின் சுருக்கம்கூடப் போகாமல் இருந்தது, அதைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. மீதியில் கொஞ்சம் பாலியெஸ்டர், இஸ்திரிப் பெட்டி பட்டதும் சுருங்கியது. பருத்தி மட்டும் என்று கேட்டுத்தான் வாங்கினேன், கடைக்காரர் மேலே தெரிகிற துண்டுகளை மட்டும் காட்டியது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், சிவப்புத் துண்டுகளைத் தைக்கும் முன் தண்ணீரில் ஊற வைத்துப் பாருங்கள். என்னுடையதில் ஒன்று சாயம் விட்டது, வெள்ளைத் துணி பக்கத்தில் இருந்திருந்தால் உறையே பாழ்.

ஏ5 நோட்டின் பக்கம் 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். முதுகும், உள்ளே மடிக்க இருபுறமும் 7 செ.மீ.யும் சேர்த்து, தைத்து முடித்த உறை 45க்கு 22 வரும். ஆனால் பஞ்சு வைத்து வரி வரியாகத் தைக்கும்போது துணி உள்வாங்கும், அதனால் 50க்கு 27 என்று வெட்டி, வரித்தையல் முடிந்த பிறகு அளவுக்கு நறுக்குவேன். பஞ்சுக்குப் பதில் பழைய ஃபிளானல் போர்வை வைத்தேன், நோட்டு மூடும்போது புடைக்காமல் படிந்தது. 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள், மெல்லியது மூலையில் முறிகிறது.

ஐந்து உறை வந்தது. மூட்டையைக் கொட்டிப் பார்க்கக் கடைக்காரர் அனுமதித்தால் மறுபடி அங்கேயே வாங்குவேன்.