அடிப்பலகையிலிருந்து தொடங்கும் கடை: பழைய மரப்பெட்டிகளை அடையாளம் காணும் சேவை பற்றி

சிங்கப்பூரில் பழம்பொருள் விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் கையில் இருக்கும் பொருள் எங்கே செய்யப்பட்டது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று காரணத்தோடு சொல்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய பழம்பொருள் கடை, சித்திர வேலைப்பாடுள்ள பெட்டிகளுக்கு மட்டும் இந்தச் சேவையைத் தனியாக வழங்குகிறது. பெட்டி ஒன்றுக்கு 80 வெள்ளி. முன்பதிவு அவசியம். முடிவில் படங்களுடன் எழுத்தறிக்கை ஒன்று தருகிறார்கள். என் மாமியார் வீட்டிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளையும், சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கிய ஒன்றையும் அவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன்.

மேசையில் பெட்டியை வைத்ததும் அங்கிருந்த தமிழ் இளைஞர் செய்த முதல் வேலை, அதைக் கவிழ்த்தது. "மூடி எல்லாரும் பார்க்கிறதுக்குன்னு செஞ்சது, அக்கா. அடிப்பக்கம் யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நெனச்சுச் செஞ்சது. அங்கேயிருந்து தொடங்குவோம்" என்றார். இந்தச் சேவையின் சிறப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது. பூவும் கொடியும் மயிலும் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் பயணம் செய்துவிடும். வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப எந்த ஊர்க் கைவினைஞரும் எந்த ஊர்ச் சித்திரத்தையும் செதுக்கித் தருவார். மூலைகளைக் கோத்த விதம், பலகையில் ரம்பம் விட்ட தடம், உள்ளே எந்த மரத்தை மலிவாகப் பயன்படுத்தினார்கள் என்பவை அவ்வளவு சுலபமாக ஊர் மாறுவதில்லை. ரம்பத்தடம் வளைவுக் கோடுகளாக இருந்தால் அது வட்டரம்பத்தில் அறுத்த பலகை. நேர்க்கோடுகள் கொஞ்சம் தாறுமாறாக ஓடினால் கையால் அறுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திருகாணிகளையும் அதே கவனத்தோடு பார்க்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருகாணியின் முனை மழுங்கலாகவே இருந்தது. கூர்முனை பரவியது அதற்குப் பிறகு. தலையில் சிலுவைப் பள்ளம் உள்ள திருகாணி 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆயினும் திருகாணி புதியது என்பதாலேயே பெட்டியும் புதியது என்று இவர்கள் முடிவுகட்டுவதில்லை. என் அனுமதி கேட்டுக் கீலிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி, துளையின் அருகே மெழுகு வைத்து அடைத்த பழைய துளை ஒன்று இருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் எனக்கே காட்டினார்கள். கீல் மாற்றப்பட்டிருக்கிறது, பெட்டி அதைவிட மூத்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை.

அந்தப் பெட்டிதான் மூன்றிலும் சுவாரசியமானது. மூடி முழுவதும் நட்சத்திரங்களாக நிறைந்த அந்த நகைப்பெட்டியைப் "பர்மாவிலிருந்து வந்தது" என்றே குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். அறிக்கை அதை ஸதேலி வேலை என்று அடையாளம் கண்டது. பாரசீகத்திலிருந்து சிந்து, சூரத் வழியாகப் பம்பாய்க்கு வந்ததாகக் கருதப்படும் இந்தக் கலையில் தந்தம், கருங்காலி, கொம்பு, வெள்ளீயம் ஆகியவற்றை மெல்லிய முக்கோணக் குச்சிகளாக இழைத்து, ஒரே கட்டாகச் சேர்த்து ஒட்டி, பிறகு வாழைத்தண்டைப் போலக் குறுக்கே சீவுவார்கள். ஒவ்வொரு சீவலிலும் அதே நட்சத்திரம் கிடைக்கும். அதைப் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு நட்சத்திரத்தின் பச்சை நிற முனைகள் சாயமேற்றிய தந்தம் என்பதும், அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறக் கோடு உலோகம் என்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் சில வெள்ளைத் துண்டுகளில் மட்டும் நுண்ணிய கரும்புள்ளிகள் இருந்தன. எலும்பில்தான் அத்தகைய துளைகள் இருக்கும் என்பதால் அவை பின்னாளில் யாரோ பழுதுபார்த்துச் சேர்த்தவை என்று அறிக்கை குறிப்பிட்டது. இத்தகைய பம்பாய்ப் பெட்டிகள் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியிலேயே வைக்கப்பட்டவை. எங்களுடையது அதே நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்றார்கள். தந்தத் தகடுகளில் கோடு கீறி அரக்கு நிரப்பும் விசாகப்பட்டினத்து வேலையோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்து வேறுபாட்டை விளக்கியதும் பாராட்டத்தக்கது.

விலை என்ன பெறும் என்று கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்ல மறுத்ததையும் பாராட்டவே வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் யானைத் தந்தத்தையும் தந்தப் பொருள்களையும் விற்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. சொந்தமாக வைத்திருப்பதில் தவறில்லை. விற்பனைக்கு வைக்கத்தான் கூடாது. வேறொரு கடையில் இதே பெட்டியை "எலும்புதான், கவலைப்படாதீர்கள்" என்று கூறி விலை பேச முன்வந்தார்கள் என்பதைச் சொல்லிவைக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம்.

இரண்டாவது, உருளை வடிவ வெற்றிலைப் பெட்டி. மரம் என்று நாங்கள் நினைத்திருந்த அது, மூங்கில் பிளாச்சுகளைச் சுருட்டி அதன்மேல் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிச் செய்த, பர்மாவின் பாகான் ஊர்ப் பாணி வேலை. செட்டிநாட்டு வீடுகளிலும் இத்தகைய பர்மியப் பெட்டிகளைக் காணலாம். அப்படியானால் பர்மா கதை பொய்யல்ல. பெட்டி மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது ஜப்பானின் ஹகோனே பகுதியைச் சேர்ந்தது. பல நிற மரக்கட்டைகளை ஒட்டி, அதைத் தாளைப் போல இழைத்து எடுத்து மேலே ஒட்டியது. அடியில் ஆங்கிலத்தில் "ஜப்பான்" என்ற முத்திரை இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்கில் 1921 வரை "நிப்பான்" என்று குறித்தார்கள், அதன் பிறகு "ஜப்பான்" என்றே குறிக்க வேண்டியிருந்தது என்பதால் இணையத்தில் பலர் முத்திரையை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிடுகிறார்கள். இவர்களோ அதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒட்டுப்பலகையாலான அடிப்பகுதியையும் திருகாணிகளையும் கொண்டு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று முடிவுசெய்தார்கள். பயணிகளுக்காகச் செய்த நினைவுப்பொருள். நான் கொடுத்த விலைக்கு எனக்கு வருத்தமில்லை.

குறைகளும் உண்டு. நகைப்பெட்டியின் உள்மரத்தைச் சந்தனம் என்று எழுதியதற்கு அறிக்கையில் காட்டிய காரணம் வாசனை ஒன்றுதான். சந்தன எண்ணெய் தடவினால் எந்த மரமும் மணக்கும். 80 வெள்ளி வாங்குபவர்கள் மரத்தின் இழையையும் பார்த்து எழுதியிருக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டிக்கு "20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்" என்று போட்டுவிட்டுக் காரணம் எதுவும் கூறவில்லை. மற்ற இரண்டு அறிக்கைகளின் தரத்துக்கு இது ஈடாகாது. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது. வாய்மொழியாகத் தமிழில் அழகாக விளக்கிய இளைஞர் அங்கேயே இருக்கும்போது, என் மாமியார் படிக்கும்படி ஒரு பக்கம் தமிழில் தந்திருக்கலாம். குடும்பத்தில் சொல்லப்பட்டுவந்த கதையை அறிக்கையில் பதிவுசெய்வதில்லை என்ற அவர்களுடைய விதியும் எனக்கு உடன்பாடானதல்ல. கதை தவறாக இருந்தாலும், பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு அதுதானே முதல் தடயம்?

விற்கும் நோக்கத்தோடு விலைமதிப்பு கேட்பவர்களுக்கு இந்தக் கடை பயன்படாது. வீட்டில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் தாராளமாகப் போகலாம். கொண்டுபோகும் முன் பெட்டியைத் துடைத்து மெருகு போட வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் கிழிந்த காகிதத்தையும் பிய்க்க வேண்டாம். முன்பதிவுக்கு இப்போது ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.