ஊறுகாய் பாட்டில் காயவைக்க: ஓவனா, ஹேர் டிரையரா, டேபிள் ஃபேனா?

திருப்பாலையில் வீட்டிலேயே எலுமிச்சை, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஒரு தடவைக்கு 300 மில்லி கண்ணாடி பாட்டில் 24 வேண்டும். சித்திரை, வைகாசியில் அவற்றைக் காயவைப்பது ஒரு வேலையே இல்லை. மதுரை வெயிலில் மொட்டைமாடியில் சாய்த்து வைத்தால் போதும். ஐப்பசி அடைமழையில்தான் கஷ்டம். மூன்று வழியையும் பார்த்துவிட்டு, இப்போது ஓடிஜி ஓவனுக்கு (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வந்துவிட்டேன்.

டேபிள் ஃபேன் செலவில்லாதது. 50 வாட் ஃபேன் இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்கூட ஆகாது. ஆனால் காற்றே ஈரமாக இருக்கும் நாளில் பாட்டில் வெளிப்பக்கம் காயும், அடிப்பக்கம் காயாது.

ஹேர் டிரையர் அவசரத்துக்கு நல்லது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது நாலு டம்ளரை நொடியில் காயவைத்துவிடலாம். வாய் குறுகிய பாட்டிலில் உள்ளே போகும் காற்று திரும்பி வர வழியில்லாமல் முட்டுகிறது. ஒரு பாட்டிலுக்கு மூன்று நான்கு நிமிஷம் என்றால் 24க்கு ஒன்றரை மணி நேரம் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். பின்பக்க வலையில் சேரும் தூசியும் முடியும் சாப்பாட்டுப் பாட்டிலுக்குள் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

மைக்ரோவேவ் வேண்டாம். அது நீரைத்தான் சூடாக்கும், கண்ணாடியை அல்ல. நாலைந்து சொட்டு நீரோடு ஓட்டுவது வெறுமனே ஓட்டுவது போலத்தான், மெஷினுக்குத்தான் கேடு.

என்னை ஓவன் பக்கம் சாய வைத்தது ஒரே விஷயம்: கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தங்கும் ஈரம். ஃபேனில் காய்ந்து பளபளவென்று இருந்த பாட்டில்களில் போட்ட எலுமிச்சை ஊறுகாய், மூன்று வாரத்தில் மேலே பூசணம் பூத்துவிட்டது. உப்பும் எண்ணெயும் குறையவில்லை. அதன்பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். காய்ந்ததாகத் தெரியும் பாட்டிலை லேசாகச் சூடாக்கி, சூடு இருக்கும்போதே மூடிவிட வேண்டும். ஈரம் இருந்தால் ஆறும்போது தோள்பட்டைப் பக்கம் பனி படிந்துவிடும். ஃபேனில் வைத்தவற்றில் பாதி பனி படிந்தன. ஓவனில் வைத்தவற்றில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

ஆனால் முறை முக்கியம். முதல் தடவை, ஏற்கெனவே சூடாக இருந்த ஓவனில் ஈரப் பாட்டிலை வைத்தேன், இரண்டு விரிசல் விட்டுவிட்டன. ஊறுகாய் பாட்டில் சாதாரணக் கண்ணாடி. ஆய்வகக் குடுவைக்கான போரோசிலிகேட் கண்ணாடியைவிட மூன்று மடங்கு அதிகமாகச் சூட்டில் விரிவடையும். திடீர் மாற்றம் 40 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. அதனால் ஆறிய ஓவனில் கம்பித் தட்டின்மேல் படுக்கவைத்து, பிறகுதான் 110 டிகிரிக்குத் திருப்ப வேண்டும். முதல் பத்து நிமிஷம் கதவை லேசாகத் திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். மொத்தம் அரை மணி நேரம். அணைத்தபின் உள்ளேயே ஆறட்டும். சூட்டோடு கிரானைட் மேடையில் வைத்தால் அப்போதும் விரிசல் விடும். என் ஓவனில் 12 பாட்டில் கொள்ளும், ஆக இரண்டு தடவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு மேல் ஏதாவது ஆகலாம். உள்ளே விசிறி வைத்த ஓவனில் நான் காயவைத்ததில்லை. நேரம் அதில் குறையலாம்.

ஓவனின் குறை ஒன்று: போர்த் தண்ணீரில் கழுவியிருந்தால் உப்பு வெள்ளை வெள்ளையாக அப்படியே படிந்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் கார்ப்பரேஷன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். மூடிகளை ஓவனில் வைப்பதில்லை, உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் இளகிவிடும். அவற்றை வெள்ளைத் துணியில் மல்லாத்தி, முந்தின இரவே டேபிள் ஃபேனுக்கு நேராகப் போட்டுவிடுகிறேன்.