நாலு லட்சம் பெருசா, இரண்டரை லட்சம் பெருசா? கிருஷ்ணகிரியிலிருந்து சொகுசு கார் வாங்கப் போகிறவருக்கு

பெங்களூரு ஷோரூம் நாலு லட்சம் குறைத்துத் தருகிறேன் என்கிறது. கோவை ஷோரூம் இரண்டரைக்கு மேல் நகராது என்கிறது. கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பெங்களூரு சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்தான், காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், தள்ளுபடியும் அங்கேதான் அதிகம். ஆனால் இரண்டு கொட்டேஷனையும் ஒரே தாளில் வரிக்கு வரி எழுதிப் பார்த்தால் கணக்கு தலைகீழாகப் போவதும் உண்டு.

அறுபது லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலையுள்ள, ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் கொட்டேஷன்கள் ஏறக்குறைய இந்த அச்சில்தான் வரும்.

| | பெங்களூரு | கோவை |
|---|---|---|
| எக்ஸ்-ஷோரூம் | 60,00,000 | 60,00,000 |
| பில்லில் குறைவது | 1,50,000 | 2,50,000 |
| இன்சூரன்ஸ் | 2,70,000 | 2,00,000 |
| ஹேண்ட்லிங் | 25,000 | இல்லை |
| சாலை வரிக்கு முன் மொத்தம் | 61,45,000 | 59,50,000 |

அப்படியானால் பெங்களூரு சொன்ன நாலு லட்சம் எங்கே? ஒன்றரை லட்சம் பில்லில் இருக்கிறது. ஒரு லட்சம் எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய வண்டியை அவர்களிடமே கொடுத்தால் மட்டும்), முக்கால் லட்சத்துக்கு சர்வீஸ் பேக்கேஜ், முக்கால் லட்சத்துக்கு மேட், கேமரா, கோட்டிங் போன்ற அக்சஸரீஸ். எல்லாம் சேர்ந்து நாலு லட்சம், பொய் இல்லை. ஆனால் இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையில் எழுபதாயிரமும், ஹேண்ட்லிங் என்ற பெயரில் இருபத்தைந்தாயிரமும் வந்த வழியே திரும்பிப் போகின்றன.

இந்த நாலு துண்டுகளும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. சர்வீஸ் பேக்கேஜை எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அது காசுக்குச் சமம், முழு முக்கால் லட்சத்தையும் பெங்களூரு பக்கம் வரவு வைக்கலாம். அப்படி வைத்தாலும் கோவை 1,20,000 ரூபாய் மலிவாகவே நிற்கிறது. அக்சஸரீஸ் அச்சிட்ட விலையில் கணக்கிடப்படுகிறது. ஷோரூமுக்கு ஆகும் அடக்கம் அதைவிடக் குறைவு, உங்களுக்கு அதில் பாதி தேவையே இருக்காது. எக்ஸ்சேஞ்ச் போனஸ்தான் எனக்குப் பிடிக்காத துண்டு. நம் பக்கத்தில் பழைய இன்னோவாவுக்கு இருக்கிற கிராக்கி ஊருக்கே தெரியும். ஷோரூம் அதற்கு ஒன்றேகால் லட்சம் குறைத்து விலை போட்டுவிட்டு, மேலே ஒரு லட்சம் போனஸ் என்று நீட்டினால் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? பழைய வண்டிக்கு தருமபுரியிலோ சேலத்திலோ முதலில் விலை கேட்டு வைத்துக்கொண்டு, புது வண்டி விலை படிந்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்கவேண்டும். இரண்டையும் ஒரே மேஜையில் பேசினால் எதில் விட்டோம், எதில் பிடித்தோம் என்று யாருக்கும் புரியாது. ஷோரூமுக்கு மட்டும் புரியும்.

பில்லில் குறைப்பதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அதற்கு வரிக் காரணம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். பழைய செஸ் போய்விட்டது. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் இந்த வரி அடங்கியிருக்கிறது. டீலர் தன் கையிலிருந்து அடிப்படை விலையில் ஒரு லட்சத்தை பில்லிலேயே குறைத்தால் அதன்மேல் வரும் வரி நாற்பதாயிரமும் குறையும். உங்களுக்கு 1,40,000 இறங்குகிறது, அவருக்குப் போவது ஒரு லட்சம்தான். அதே ஒரு லட்சத்தை கிஃப்ட் வவுச்சராகவோ அக்சஸரீஸாகவோ கொடுத்தால் இந்த லாபம் இல்லை. ஆகவே "இதுக்கு மேல முடியாது சார், வேணும்னா அக்சஸரீஸ் தர்றேன்" என்று வரும்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: அக்சஸரீஸ் வேண்டாம், பில்லில் எவ்வளவு குறையும்?

செப்டம்பர் 22க்கு முந்தைய விலையைக் காட்டி, வரி இறங்கியதையே தன் தள்ளுபடியாகச் சொல்லும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். கம்பெனியின் இன்றைய விலைப்பட்டியலை வைத்துத்தான் பேச்சு தொடங்கவேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி கட்டாயம், அதன் பிரீமியம் எங்கே போனாலும் ஒன்றுதான். சொந்த சேதத்துக்கான பகுதியிலும் கூடுதல் கவர்களிலும்தான் விலை வித்தியாசம். வெளியே வாங்கும் கொட்டேஷனில் ஐடிவி (இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பு) தொகையும், ஜீரோ டெப்ரிசியேஷன், இன்ஜின் கவர், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் போன்ற கூடுதல் கவர்களும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஒப்பிடுங்கள். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தை மலிவாக்கிக் காட்டுவது சுலபம். பழைய காரில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் சலுகை) சேர்ந்திருந்தால், அந்தக் காரை விற்ற பின் அதே உரிமையாளரின் புதுக் காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். 50 சதவீதம் வரை போகும். இதை ஷோரூமில் தானாக ஞாபகப்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டிசிஎஸ், அதாவது விற்பவர் உங்களிடம் வசூலித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி, என்று ஒரு சதவீதம் கொட்டேஷனில் தனியாக நிற்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் அது உண்டு. வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும் பணம் என்பதால் அதைச் செலவாக எண்ணவேண்டாம். ஆனால் வரிக் கணக்கே போடாத மகன் பெயரிலோ மனைவி பெயரிலோ பில் போட்டால், அதைத் திரும்ப வாங்கவே ஒரு கணக்கு தாக்கல் செய்யவேண்டி வரும்.

சரி, சாலை வரி. இதில்தான் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பழைய ஞானம் நிறைய உலவுகிறது. எல்லை தாண்டிப் பதிவு செய்தால் மிச்சம் என்பார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். கர்நாடகத்தில் 18 சதவீதம், அதன்மேல் செஸ். கூட்டினால் அதுவும் ஏறக்குறைய இருபதுதான். கர்நாடகத்தின் கேஏ எண்ணோடு இங்கே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு வருடத்துக்குள் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, எண்ணை மாற்றி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலையவேண்டும். அந்த அலைச்சலுக்கு ஈடாக எந்த மிச்சமும் இல்லை. கிருஷ்ணகிரியில் குடியிருந்தால் டிஎன் 24, ஓசூரானால் டிஎன் 70, தருமபுரியானால் டிஎன் 29. வேறு யோசனையே வேண்டாம். பெங்களூருவில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து இங்கே ஆர்டிஓ ஆபீஸில் பதியலாம். வண்டியை நேரில் காட்டவேண்டும், ஒன்றிரண்டு நாள் போகும். தமிழ்நாட்டு டீலர் என்றால் அதை அவர்களே முடித்துவிடுவார்கள். 

சர்வீஸ் பெங்களூருவில் செய்துகொள்வதற்காக அங்கேயே வாங்கவேண்டும் என்ற வாதமும் நிற்காது. கம்பெனி வாரண்டி நாடு முழுக்கச் செல்லும். கோவையில் வாங்கிய வண்டியை பெங்களூருவில் தாராளமாக விடலாம்.

பிறகு பெங்களூருவால் என்ன பயன்? போட்டி. ஒரே பிராண்டுக்கு அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட டீலர்கள் இருக்கிறார்கள், ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியும். மூன்று ஊர்களில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். பெங்களூரு தாளை கோவைக்கும் சென்னைக்கும் அனுப்புங்கள், அவர்களுடையதை பெங்களூருவுக்கு அனுப்புங்கள். வாயால் சொன்ன விலைக்கு மதிப்பில்லை. என் தீர்ப்பு இது: விலையைக் கண்டுபிடிக்க பெங்களூரு, பில் போடத் தமிழ்நாடு. பெங்களூரு டீலர் அந்த நாலு லட்சத்தில் மூன்றையாவது பில்லுக்குள் கொண்டுவந்து, இன்சூரன்ஸ் நிபந்தனையையும் விட்டுவிட்டால் மட்டும் நான் கர்நாடக எல்லையான அட்டிபெலேயைத் தாண்டுவேன்.

நம் ஊர் வழக்கமாக, தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் "நம்ம பையன்தான், பார்த்துப் போடுங்க" என்று சொல்ல வைப்பது டிராக்டர் ஷோரூமில் நடக்கும். இங்கே காபி கிடைக்கும், அவ்வளவுதான். மேலாளருக்கு மாதக் கடைசியில் எத்தனை வண்டி குறைகிறது என்பதுதான் முக்கியம்.

இவ்வளவும் பேரம் பேச இடமிருக்கும் பிராண்டுக்கு. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபர் முதல் இந்தியாவில் முறையை மாற்றிவிட்டது. வண்டிகள் கம்பெனிக்கே சொந்தம், பில்லும் கம்பெனிதான் போடுகிறது, நாடு முழுக்க ஒரே விலை. டீலர் வண்டியைக் காட்டி டெலிவரி கொடுக்கிறார். அங்கே மூன்று ஊர் சுற்றுவது டீசல் செலவு. சலுகை இருந்தால் அது கம்பெனியின் சலுகை, எல்லோருக்கும் ஒன்று. ஆனாலும் கை கட்டி நிற்கவேண்டியதில்லை. பழைய காரின் விலை, இன்சூரன்ஸ், அக்சஸரீஸ் இந்த மூன்றிலும் பேச இடமுண்டு. பேரம் பேசத் தெரியாதவர், பேசப் பிடிக்காதவர் இந்த முறையில் ஏமாறுவது குறைவு. பேசத் தெரிந்தவருக்குச் சொந்த ஸ்டாக் வைத்திருக்கும் டீலர்தான் வசதி.

எப்போது வாங்குவது என்பதில் மாதத்தைவிட கம்பெனியின் கணக்கு வருடத்தைப் பாருங்கள். ஜெர்மன் கம்பெனிகளுக்கும் வோல்வோவுக்கும் வருடம் டிசம்பரில் முடிகிறது. ஜாகுவார் லேண்ட் ரோவர் டாடாவுடையது, லெக்ஸஸ் டொயோட்டாவுடையது, இவர்களுக்கு மார்ச். டிசம்பரில் இன்னொரு வசதி, பதினாறாம் தேதிவாக்கில் மார்கழி பிறந்துவிடும். நம் ஆட்கள் டெலிவரி எடுக்கமாட்டார்கள், ஷோரூம் காலியாகக் கிடக்கும், டார்கெட் மட்டும் நிற்கும். மார்கழிக்கு அஞ்சாதவர் கேட்கிற விலைக்கு அப்போது மரியாதை உண்டு. அஞ்சுபவர் பில்லை டிசம்பரில் போட்டுக்கொண்டு வண்டியைத் தை பிறந்ததும் எடுக்கலாமே என்பார். செய்யலாம், ஆனால் பின்னால் விற்கும்போது வாங்குகிறவர் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பார்ப்பார். ஆர்சியில் அது இருக்கும். ஜனவரியில் போன வருடத் தயாரிப்பை வாங்கினால் தள்ளுபடி அதற்கேற்றாற்போல் ஏறவேண்டும். டிசம்பரில் கொடுத்த அதே தொகையை ஜனவரியிலும் சொன்னால் எழுந்து வரலாம்.

ஆடியிலும் இதே கதைதான், அதிலும் மாங்கூழ் தொழிலில் இருப்பவருக்கு சீசன் முடிந்து பணம் கைக்கு வரும் நேரம் அது. கன்னடக்காரர்களின் ஆஷாடம் நம் ஆடிக்கு முன்பே தொடங்கி முன்பே முடிந்துவிடும். ஆகவே ஆஷாடம் சீக்கிரம் பிறக்கும் வருடங்களில், ஜூலைத் தொடக்கத்தில் பெங்களூரு ஷோரூம் மந்தமாக இருக்கும்போது நமக்கு இன்னும் ஆனி. நல்ல நாளும் மலிவு விலையும் ஒன்றாகச் சேரும் இடைவெளி அது. இதை ஓசூர்க்காரர்களே அதிகம் கவனிப்பதில்லை.

தொழிலின் பெயரில் வாங்குகிற கிரானைட், மாங்கூழ் முதலாளிகளுக்கு இன்னொரு கணக்கு. ஜிஎஸ்டி இன்புட், அதாவது காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் தொழிலின் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது, கிடைக்காது, கார் அதற்குத் தகுதியில்லை. தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம் கிடைக்கும். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதிதான். அறுபது லட்சத்துக்கு செப்டம்பருக்குள் ஓடத் தொடங்கினால் ஒன்பது லட்சம் கழியும், டிசம்பரில் என்றால் நாலரை லட்சம். முப்பது சதவீத வரி கட்டுபவருக்கு அந்த வருடம் 1,35,000 ரூபாய் வித்தியாசம். அது போய்விடுவதில்லை, பின் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். ஆனாலும் டிசம்பர் தள்ளுபடி செப்டம்பரைவிட ஐம்பதாயிரம்தான் அதிகம் என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

"மொத்தமும் ரொக்கமாக வைக்கிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்?" என்பது இனி ஆயுதமே இல்லை. ஒருவரிடம் ஒரு விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. செக்கில் முழுத் தொகை கொடுப்பவரைவிட கடன் வாங்குபவரைத்தான் ஷோரூமுக்குப் பிடிக்கும், ஏனென்றால் கடனில் அவர்களுக்குக் கமிஷன் வருகிறது. அதனால் விலை முடியும்வரை எப்படிப் பணம் கட்டப்போகிறீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள்.

குறைந்த வட்டியா, ரொக்கத் தள்ளுபடியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்? நாற்பது லட்சம், ஐந்து வருடம். 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 83,030 ரூபாய், 7 சதவீதத்தில் சுமார் 79,200. மொத்த மிச்சம் 2,30,000 என்று விளம்பரம் சொல்லும், அது சரிதான். ஆனால் அது அறுபது மாதம் பரவி வரும் பணம்; இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1,85,000தான். எதிரே இன்றே பில்லில் இரண்டு லட்சம் குறைத்தால் அதை எடுங்கள், ஒன்றரை என்றால் வட்டியை எடுங்கள்.

கடைசியாக டெமோ வண்டி. தள்ளுபடிகளிலேயே பெரிய எண் இங்கேதான் காட்டப்படும், ஆசையும் வரும். சேர்த்துப் பாருங்கள்: அது ஷோரூம் பெயரில் பதிவானது, நீங்கள் இரண்டாவது உரிமையாளர், வாரண்டி முதல் பதிவு நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. கோவை, சென்னை டெமோ வண்டி என்றால் நல்ல விலைக்கு யோசிக்கலாம். பெங்களூரு டெமோ வண்டிக்குக் கேஏ எண் இருக்கும். என்ஓசி, இங்கே மறுபடி வரி, அங்கே ரீஃபண்ட் விண்ணப்பம் எல்லாம் உங்கள் தலையில். அந்த வரித் தொகையை முதலிலேயே விலையில் கழித்துக் கொடுத்தாலொழிய அதைத் தொடவேண்டாம்.

எந்த ஊரில் முடித்தாலும் பாக்கித் தொகையை அனுப்புமுன் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண்ணைப் படம் பிடித்து வாங்கி, தயாரித்த மாதத்தை எழுத்தில் கேளுங்கள். போன வருட வண்டியாக இருந்தால் பேச்சு மறுபடி முதலிலிருந்து.